வடக்கறையில் உறைந்த தண்ணீர்

இத்தாலியில் பலெர்மோ நகரத்தின் பலாறோ சந்தைப் பக்கம் குடியிருக்கிற தமிழ்ச் சனத்திடம் குகனேஸ்வரியைப் பற்றிக் கேட்டால், அவளிடம் ஒரு வீட்டை ஒப்படைத்தால் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்றுதான் சொல்வார்கள். ஊரிலிருந்து புதிதாக வருகிற பெண்களுக்கு வேலை தேடிக் கொடுப்பவள் அவள். எந்த வீட்டு அம்மா, அங்கத்துப் பேச்சில் சின்யோரா, எப்படிப்பட்டவர், யாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவளும் அவள்தான். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு தை மாதத்தில் அவள் என்ன செய்தாள் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பலெர்மோவுக்கு வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. கடைசிப் பதினோரு வருடமும் ஒரே வீட்டில்தான் வேலை. பொலித்தெயாமா அரங்குக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடியில், சின்யோரா இனெஸ் தனியாக இருக்கிறார். உயர்பள்ளியில் முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்தவர். எண்பத்திரண்டு வயதிலும் காலையில் பேப்பரில் வருகிற எண் புதிரைப் பேனையால்தான் நிரப்புவார். பென்சில் எடுப்பது தோல்வியை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது மாதிரி என்பார். கணவர் மருந்துக்கடை வைத்திருந்தவர், காலமாகி ஒன்பது வருடம். ஒரே மகன் கொராதோ வழக்கறிஞர். இரண்டு தெரு தள்ளி இருக்கிறான்.

குகனேஸ்வரிக்கு இத்தாலிய மொழி வேலைக்குப் போதுமான அளவு வரும். வராத இடத்தில் ‘கப்பீத்தோ’, விளங்கிற்று, என்று சொல்லிவிடுவாள். வந்த புதிதில், இன்னொருதரம் சொல்லச் சொன்னால் ஆட்களின் முகம் மாறுவதை அவள் கண்டிருந்தாள். அதனால் விளங்கிற்று என்று தலையாட்டிவிட்டு, பிறகு கண்ணால் பார்த்துப் பிடித்துக்கொள்ளப் பழகினாள். பெரும்பாலும் பிடித்துக்கொண்டாள். தெரியாததைக் கேட்காமலே தெரிந்துகொள்வது தன் கெட்டித்தனம் என்றுகூட உள்ளூர நினைத்திருந்தாள்.

சின்யோராவின் கணவருக்கு மதோனியே மலையில், பொலிட்சி ஊருக்கு மேலே, ஒரு பழைய கல்வீடு இருந்தது. மருந்துக்கடைக்காரர் விடுமுறை தோறும் அங்கே போய் மலைச் செடிகளைப் பறித்து, காயவைத்து, தாளில் ஒட்டி, கீழே பேர் எழுதி வைத்திருந்தார். நாற்பது வருடச் சேகரிப்பு. வீட்டின் வடக்குப் பக்கத்து அறையில் இரண்டு அலுமாரி நிறைய அந்தத் தாள்கள் இருந்தன. அந்த வருடம் மார்கழியில் நத்தார்ப் பண்டிகை முடிந்ததும் சின்யோராவுக்கு மலைவீட்டுக்குப் போக ஆசை வந்தது. பத்து நாள் இருந்து, கணவரின் தாள்களைப் பார்த்து ஒழுங்குபடுத்த வேண்டும் என்றார். கொராதோ இருவரையும் காரில் கொண்டுபோய் விட்டான்.

அந்த வீட்டில் காஸில் ஓடுகிற பழைய கொதிகலன் ஒன்று இருந்தது. அதிலிருந்து சுடுதண்ணீர் சுவர்க் குழாய்களுக்குள்ளால் ஒவ்வொரு அறை ரேடியேற்றருக்கும் போய்த் திரும்பும். அதைவிட, முன்னறையில் மரக்குருணை எரிக்கும் ஓர் இரும்பு அடுப்பும் உண்டு. சின்யோராவுக்குக் கணகணவென்று சூடு வேண்டும் என்பதற்காக மகன் பிறகு வாங்கி வைத்தது. புறப்படும்போது கொராதோ முன்னறைச் சுவரில் இருந்த கொதிகலனை ஓட்டி நிறுத்துகிற தெர்மோஸ்டாட் குமிழைக் காட்டி வேகமாக ஏதோ விளங்கப்படுத்தினான். அடுப்பு எரிந்தாலும் காலையும் மாலையும் இந்தக் குமிழை இருபத்தைந்துக்குத் திருப்பி, கடைசி அறை ரேடியேற்றர் சுடும்வரை, ஒரு மணித்தியாலமாவது கொதிகலனை ஓடவிட வேண்டும். அறைக்கதவுகளைத் திறந்தே வைக்க வேண்டும். செய்ய வேண்டியது அவளுக்கு விளங்கியது. ஏன் என்பது விளங்கவில்லை. கப்பீத்தோ என்றாள்.

முதல் இரண்டு நாளும் அவன் சொன்னபடி செய்தாள். மூன்றாம் நாள், மார்கழி முப்பதாம் திகதி, அது அவளுக்கு விசர்வேலையாகப் பட்டது. அடுப்பு முன்னறையை இளஞ்சூடாக வைத்திருந்தது. குமிழைத் திருப்பினால் கொதிகலன் உறுமும், குழாய்கள் டக் டக் என்று அடிக்கும், முன்னறை வெக்கை தாங்காமல் சின்யோரா சால்வையைக் கழற்றி எறிவார். அப்பால் ஒருவரும் படுக்காத அறைகளுக்கு வீணாகச் சூடு போகும். பலாறோவுக்குப் பின்னால் அவளும் கணவன் தவராசாவும் இருக்கிற ஈரம் ஊறிய வீட்டில், மாரிக்குளிர் வந்தால் ஒரு காஸ் சிலிண்டர் அடுப்பை நடு அறைக்கு உருட்டிக்கொண்டு வந்து, கதவெல்லாம் அடைத்து, கதவின் கீழே துவாயைச் சுருட்டி வைப்பார்கள். சூட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: அடைத்து வைத்தால் நிற்கும், திறந்துவிட்டால் ஓடிவிடும். அதையே மலையிலும் செய்தாள். வடக்குப் பக்கத்து அறைகளைப் பூட்டினாள். கதவுகளின் கீழே துவாய் வைத்தாள். குமிழைக் கீழே கடைசிவரை திருப்பி நிறுத்தினாள். அன்று பின்னேரம் சின்யோராவிடம் தேத்தண்ணியைக் கொடுத்தபோது, இந்த வீட்டுக்காரருக்குத் தெரியாத ஒன்றைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக அவளுக்கு ஒரு பெருமிதம் இருந்தது.

இரண்டு நாளில், ஆங்கிலப் புதுவருடம் பிறந்த அன்று, பனி கொட்டியது. மூன்று நாள் வெளியே எல்லாம் கல்லாக இறுகிக் கிடந்தது. முன்னறையில் இருவரும் சுகமாக இருந்தார்கள். சின்யோரா செடித்தாள்களை ஒவ்வொரு கட்டாக எடுத்து வரச்சொல்லிப் பார்த்தார். வடக்கறைக்குள் போய்வரும்போது மூச்சு புகையாக வந்ததைக் குகனேஸ்வரி கண்டாள். சட்டென்று தாளை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

தை நாலாம் திகதி காலை காற்று மாறியது. தெற்கிலிருந்து சிரோக்கோ என்கிற வெப்பக்காற்று அடித்து, கூரையிலிருந்த பனி கரைந்து சொட்டத் தொடங்கியது. அவள் கோப்பி போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கூரையிலிருந்து வருகிறதென்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு வடக்கறைக் கதவின் கீழே துவாய் நனைந்து, தண்ணீர் வீட்டின் உள் நடைபாதைக்கு வருவதைக் கண்டாள். கதவைத் திறந்தாள். அலுமாரிக்குப் பின்சுவரில் இரண்டு இடத்தில் குழாய் பிளந்து தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. ஓர் அலுமாரி முழுவதும் நனைந்து, தாள்கள் கட்டுக்கட்டாக ஊதிப்போய் இருந்தன. தண்ணீரை எங்கே மூடுவதென்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கொராதோவுக்குப் போன் அடித்தாள். அவன் சொன்ன இடத்தில் தேடி, படிக்குக் கீழே இருந்த பெரிய குழாயை இரண்டு கையாலும் முறுக்கி மூடினாள்.

பொலிட்சியிலிருந்து குழாய் வேலைக்காரர் இஞ்ஞாட்சியோ வந்தார். மத்தியானத்துக்குக் கொராதோவும் வந்து சேர்ந்தான். இஞ்ஞாட்சியோ சுவரைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர் ஓடாமல் நின்றதால் குழாய்க்குள்ளே உறைந்து, பருத்து, செம்பைப் பிளந்திருக்கிறது என்றார். கொதிகலன் ஓடவே இல்லையா என்று கேட்டார். கொராதோ முன்னறைக்குப் போய்க் குமிழைப் பார்த்துவிட்டு வந்தான்.

“இதை அணைத்தது யார்?” என்று கேட்டான்.

குகனேஸ்வரியின் கையில் ஈரத் தாள்கள் இருந்தன. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள், கதிரையில் இருந்த சின்யோரா மெதுவாகச் சொன்னார்:

“நானாகத்தான் இருக்கும். எனக்கு ஞாபகம் இல்லை.”

கடந்த ஒரு வருடத்துக்குள் சின்யோரா பலெர்மோ வீட்டில் இரண்டுதரம் காஸ் அடுப்பை மூட மறந்திருந்தார். ஒருதரம் சாவியை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டியிருந்தார். கொராதோ கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, தாயின் தோளில் கை வைத்தான். குகனேஸ்வரியின் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளைச் சந்தேகிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்த இடத்தில் அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கேள்வி அவளுக்கு நன்றாக விளங்கியது. இத்தாலிய மொழியில் அத்தனை தெளிவாக வேறொன்றும் அவளுக்கு விளங்கியதில்லை. அவள் குனிந்து, தண்ணீரைத் துடைக்கத் தொடங்கினாள். துடைக்க நிறைய இருந்தது.

பலெர்மோவுக்குத் திரும்பியதும் தவராசாவிடம் சொன்னாள். அவர் போர்கோ வெக்கியோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறவர். அன்று மத்தியான ஓய்வில் வீட்டுக்கு வந்திருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, சாப்பிட்ட கையை அப்படியே சாப்பாட்டுத் தட்டில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“நீ ஒரு பொய்யும் சொல்லேல்லைத்தானே,” என்றார். “அவவே வாயாலை சொன்னவ தான் செய்தது எண்டு. இனிப் போய்ச் சொன்னால் உன்ரை பேர்தான் நாறும். ஐம்பத்திரண்டு வயசிலை புது வீடு தேடப்போறியே? பேசாமல் இரு.”

அவர் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அதுதான் பிறகு அவளை அதிகம் அரித்தது. அந்த ஆறுதலுக்காகத்தான் அவரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரிந்தது.

அதன்பிறகு சின்யோரா மாறத் தொடங்கினார். வீடெங்கும் சிறு சிறு தாள்கள் ஒட்டினார். ‘காஸ் மூடினேன், ஒன்பது பத்து.’ ‘மாத்திரை போட்டேன்.’ ஒட்டிய தாளை நம்பாமல் திரும்பிப் போய்ப் பார்ப்பார். பேப்பர் வந்தால் புதிர்ப் பக்கத்தைத் திறக்காமல் மடித்து வைத்தார். ஒருநாள் வீட்டுச் சாவியைக் குகனேஸ்வரியின் கையில் கொடுத்து, இனி இது உன்னிடம் இருக்கட்டும், என்னை நான் நம்பமாட்டேன் என்றார். இன்னொருநாள் செடித்தாள்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, நாற்பது வருடம் அந்த மனுஷன் சேர்த்ததை நான் ஒரு விரலால் அழித்துவிட்டேன் என்று சொல்லி, விரலைத் தூக்கிப் பார்த்தார். குகனேஸ்வரி கோப்பி போட்டுக் கொடுத்தாள். சீனி போதுமா என்று கேட்டாள். கேட்கிற தன் குரலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மற்றச் சனத்தோடு பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக்கு மலையேறினாள். சைவக்காரி என்றாலும் இருபத்தொரு வருடமாக அந்தத் தாயிடம் கேட்காமல் அவள் ஒன்றும் தொடங்கியதில்லை. அன்று மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு நின்றாள். என்ன கேட்பதென்று தெரியவில்லை. பிடிபடாமல் இருக்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. சொல்லத் தைரியம் தா என்று கேட்டால் கிடைத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஒன்றும் கேட்காமலே இறங்கினாள். இறங்குகிற வழியில், புதிதாக வந்த கேசிகா என்ற பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா மாதிரி ஒரு வேலைக்காரியாக வந்தால் போதும் என்றாள். குகனேஸ்வரி கையை விடுவித்துக்கொண்டாள்.

கொராதோ ஞாபக மறதிக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு மருத்துவரிடம் நாள் எடுத்திருந்தான். தை இருபத்திரண்டாம் திகதி, காலை பத்து மணி. அதற்கு முதல்நாள் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னான்: அம்மாவை இனி வயதானவர்களைப் பார்க்கிற ஓர் இல்லத்தில் விடுவதுதான் நல்லது, மருத்துவரும் அப்படிச் சொன்னால் மாசிக்குள் ஓரிடம் பார்த்துவிடுவேன், உனக்கு வேறு வேலை தேட நான் உதவி செய்வேன். அவன் அன்போடுதான் சொன்னான். தன் வேலை போவது அப்போது அவள் மனதில் வரவே இல்லை. அந்த மூன்றாம் மாடி வீடும், சன்னலோரக் கதிரையும், சுவரெல்லாம் ஒட்டிய தாள்களும்தான் வந்தன.

மறுநாள் குகனேஸ்வரியும் கூடப் போனாள். மருத்துவர் இளம்பெண். சின்யோராவிடம் திகதி கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கணக்குப் படிப்பித்த மனுஷி தொண்ணூற்று மூன்று என்றார், எண்பத்தாறு என்றார், பிறகு மகனின் முகத்தைப் பார்த்துத் தடுமாறினார். அடுத்த எண் அவருக்குத் தெரியும் என்று குகனேஸ்வரிக்குத் தெரிந்தது. சரிதானா என்ற பயம்தான் வாயைக் கட்டியது. கொராதோ நடந்தவற்றைச் சொன்னான். காஸ், சாவி, எல்லாவற்றிலும் பெரிதாக மலைவீடு. மருத்துவர் எழுதிக்கொண்டு வந்து, கூட இருந்தவர் நீங்கள்தானே, வேறு ஏதாவது கவனித்தீர்களா என்று குகனேஸ்வரியிடம் கேட்டார்.

“மலையில் அவர் ஒன்றும் செய்யவில்லை,” என்றாள் அவள். “அணைத்தது நான்.”

அவளுக்கு இலக்கணம் எல்லாம் குழம்பியது. ஆனாலும் நிறுத்தவில்லை. கதவைப் பூட்டியதும் நான், துவாய் வைத்ததும் நான், முப்பதாம் திகதி பின்னேரம், என் கையால். மகன் சொன்னது கேட்டது, ஏன் என்று விளங்கவில்லை, விளங்கிற்று என்று சொன்னேன். பிறகு சின்யோரா தன்மேல் எடுத்துக்கொண்டபோது சும்மா இருந்தேன்.

கொராதோ எழுந்துவிட்டான். அவன் கத்தத் தொடங்க, சின்யோரா கையைத் தூக்கி நிறுத்தினார். அவளைப் பார்த்து, “முப்பதாம் திகதியா?” என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினாள். சின்யோரா மேசையில் விரலால் தட்டித் தட்டி நாள்களை எண்ணிப் பார்த்தார். பிறகு மருத்துவரிடம் திரும்பி, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து, ஐம்பத்தெட்டு என்று இரண்டுவரை நிறுத்தாமல் இறங்கினார். குகனேஸ்வரி அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். தான் அங்கே அழுதால் அது தனக்காக ஆகிவிடும் என்று தோன்றியது.

படிக்கட்டில் கொராதோ சாவியைக் கேட்டான். கொடுத்தாள். சின்யோரா தடுக்கவில்லை.

இரண்டரை மாதம் அவள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள். கேட்டவர்களுக்குச் சின்யோரா மகனோடு வெளியூர் போயிருக்கிறா என்று சொன்னாள். அந்தப் பொய்யும் சேர்ந்தது. தவராசா ஒருநாள், நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். தான் பேசாமல் இருந்தது அவர் சொன்னதால் அல்ல என்று அவள் பதில் சொன்னாள். அது உண்மை.

சித்திரை வருடப் பிறப்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது சின்யோராவே தொலைபேசியில் கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை. மலைவீட்டுக்கு இஞ்ஞாட்சியோ குழாய் மாற்ற வருகிறார், வடக்கறையைத் துப்புரவாக்க ஆள் வேண்டும், வருகிறாயா என்றார். போனாள். சுவரில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்திருந்தது. நனைந்த அலுமாரியின் தாள்களில் பாதிக்குமேல் ஒன்றோடொன்று ஒட்டி அழுகிவிட்டன. மற்றதை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் போட்டாள். இரண்டாம் நாள், தாள்களை அடுக்கிக்கொண்டிருக்கையில், சின்யோரா பக்கத்தில் வந்து இருந்தார்.

“குழாய் வெடித்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை,” என்றார். “தெரியாமல் செய்தாய். ஆனால் பதினெட்டு நாள் நான் என் தலையைக் கண்டு பயந்துகொண்டிருந்தேன். நீ பக்கத்தில் நின்று எனக்குக் கோப்பி போட்டுத் தந்தாய்.”

குகனேஸ்வரி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். சின்யோரா எழுந்து அடுத்த கட்டை எடுத்துவரப் போனார்.

இஞ்ஞாட்சியோ சுவரை உடைத்து வேலை செய்த மூன்று நாளும் குகனேஸ்வரி வேலை முடிந்த நேரமெல்லாம் அவர் பக்கத்தில் நின்றாள். விளங்காததை விளங்கவில்லை என்றாள். முதல்தரம் குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். மனுஷர் சலிக்காமல் சொன்னார். தெர்மோஸ்டாட்டுக்குத் தான் இருக்கிற அறையின் சூடு மட்டும்தான் தெரியும். அடுப்பு அந்த அறையைச் சூடாக்கினால் வீடு முழுக்கச் சூடு என்று நினைத்துக் கொதிகலனைத் தூங்க வைத்துவிடும். அப்போது வெளிச்சுவருக்குள் இருக்கிற தண்ணீர் அசையாமல் நிற்கும். அசையாத தண்ணீர்தான் முதலில் உறையும். அதனால்தான் அடுப்பு எரியும்போதும் கொதிகலனை இடைக்கிடை ஓடவிட வேண்டும், முன்னறைச் சூடு பின்னுக்குப் போகக் கதவைத் திறந்துவிட வேண்டும். கடும் குளிரில் கழுவுதொட்டிக்குக் கீழே இருக்கிற அலுமாரிக் கதவையும் திறந்து வை, குழாயை நூல்போல ஓடவிடு, வீட்டைப் பூட்டிப் போவதென்றால் என்னைக் கூப்பிடு, தண்ணீரை வடித்துவிடுகிறேன் என்றார். தெர்மோஸ்டாட்டை முன்னறையிலிருந்து கழற்றி வடக்கு நடைபாதையில் பொருத்தினார். இவ்வளவும் சொல்ல அவருக்கு ஒரு கோப்பி குடிக்கிற நேரம்தான் பிடித்தது. மார்கழியில் கொராதோவிடம் இதைக் கேட்டிருக்கலாம்.

அந்த வேலை முடிந்து பலெர்மோ திரும்பியபோது சின்யோரா திங்கட்கிழமை வா என்றார். கொராதோ இன்றுவரை அவளோடு தேவைக்குமேல் கதைப்பதில்லை. மருத்துவர் ஆறுமாதம் கழித்துப் பார்த்துவிட்டு, வயதுக்குரிய மறதி கொஞ்சம் கூடியிருக்கிறது, வீட்டைவிட்டுப் போகிற அளவுக்கு ஒன்றுமில்லை என்றார். சின்யோரா புதிரைத் திரும்பவும் பேனையால் நிரப்புகிறார். சிலநாள் ஓர் எண் பிழைத்தால் கோபத்தோடு பேப்பரைக் கிழிப்பார். அந்தக் கோபத்தைப் பார்க்கும்போதெல்லாம், இதில் எவ்வளவு வயதால் வந்தது, எவ்வளவு தன்னால் வந்தது என்று குகனேஸ்வரி நினைப்பாள்.

அடுத்த மாரிக்கும் அவர்கள் மலைக்குப் போனார்கள். அவள் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தாள். தெர்மோஸ்டாட் இடம் மாறியிருந்தும், காலையும் மாலையும் குமிழைத் திருப்பி, கொதிகலன் உறுமுவதைக் கேட்டு, ஒரு மணித்தியாலம் நின்றாள். ஆனால் ஒவ்வொரு மாலையும், அவள் முன்னறைக்குத் திரும்பி வந்த பிறகு, சின்யோரா கதிரையிலிருந்து கையூன்றி எழும்புவார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடைபாதையால் கடைசி அறைக்குப் போவார். ரேடியேற்றரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வருவார். குகனேஸ்வரி வழிவிட்டு ஒதுங்கி நிற்பாள். தானும் கூடப் போகவேண்டுமா என்று கேட்பதில்லை.